மின்னிக்கு இன்னொரு பேர்

போன வாரம் சபிதாவைக் கணவனுடைய போனும் கையுமாக நிற்க வைத்துவிட்டு வந்தோம். ‘முத்துநாயகம் பெயின்ட்’ என்று பேர் காட்டிய அழைப்பை அவள் எடுக்கப்போக, மறுமுனையில் பேசியது ஒரு பெண். “சாப்பிட்டியா?” அவ்வளவுதான். ஒரு ‘ங்க’ இல்லை, ஒரு தயக்கம் இல்லை. தினமும் கேட்டுப் பழகிய வாய் கேட்கிற கேள்வி அது.

சபிதா பதில் பேசாமல் போனை வைத்துவிட்டாள். கணவன் முருகதாஸ் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்குக் கோபம் வரலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே! வந்த பதிலை வைத்துக்கொண்டு அப்புறம் குடித்தனம் நடத்த வேண்டும். நர்சிங் படிக்கிற மகள், தக்கலையில் ஓரளவு ஓடுகிற பெயின்ட் கடை, கூடவே மாமியார். இத்தனையையும் ஒரு கேள்வியில் போட்டு உடைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

வாயை மூடிக்கொண்டவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை புதுக்கடை என்கிற ஊருக்கு ஆர்டர் எடுக்கப் போகிறேன் என்று போகிறவன் பசியில்லை என்று வந்தான். சட்டையில் பொரித்த மீன் வாசனை அடித்தது. ஒருநாள், நூல் அறுந்து தொங்கிய பட்டன் திரும்பி வந்தபோது அழுத்தமாகத் தைக்கப்பட்டிருந்தது. பெயின்ட் டீலர்கள் பட்டன் தைத்துக் கொடுப்பதாகச் சபிதா இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இப்படி அவள் வெந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் மின்னி குட்டி போட நாள் பார்த்தது.

மின்னி போன வருஷம் முருகதாஸ் கொண்டுவந்த நாய்; அந்த ஊர்ப் பேச்சில் பட்டி. தவிட்டு நிறம், தொங்கிய காது. நாகர்கோவிலில் ஒரு நண்பர் துபாய்க்குப் போகிறார், வளர்க்க ஆளில்லை, இன்னும் ஒரு ஈற்றுகூட ஈனாத இளசு என்று சொல்லித்தான் கொண்டுவந்தான். மாமியார் தாணம்மாளுக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. அதன் தட்டைக்கூடக் காலால்தான் தள்ளுவாள்.

“அம்மா, மின்னி கஞ்சியை மோந்துகூடப் பாக்கல்ல. சாக்கைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு,” என்று அஸ்வதி பின்னாலிருந்து கத்தினாள். கல்லூரி லீவுக்கு வந்திருந்தாள் மகள்.

“இன்னைக்கா? உனக்க அப்பா அடுத்த வாரம்னுல்லா சொன்னாவ?”

“பட்டி காலண்டரைப் பாத்தா பெறும்?”

அடுக்களைக்குப் பின்னால் கம்பி அழி போட்ட ஒர்க் ஏரியாவில் சபிதா பழைய நைட்டிகளை விரித்தாள். மின்னி மூச்சு இரைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து படுத்தது. எழுந்தது. திரும்பப் படுத்தது. வெயில் ஏறும் முன்பே முதல் குட்டி வந்துவிட்டது. மின்னியே உறையைக் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கி நக்கி அதைக் கத்த வைத்துவிட்டது. அஸ்வதி கைதட்டினாள்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். மின்னி முக்கியது, முக்கியது, ஒன்றும் வரவில்லை. வயிறு கல்லாக இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. பக்கத்தில் போன அஸ்வதியைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. ஒருநாளும் அப்படிக் காட்டாத நாய்.

“இவ்வளவு நேரம் முக்கியும் வரல்லன்னா உள்ள குட்டி மாட்டிருக்கும்மா. பொறவு இதுக்கே ஆபத்து,” என்றாள் அஸ்வதி. அவள் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் மாடுகளுக்கு ஊசி போடுகிற முகாமில் இருந்தார். சாயங்காலம் வருகிறேன் என்றார். சபிதா கணவனை அழைத்தாள்.

முருகதாஸ் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டு முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி நாயைப் பற்றியது அல்ல.

“அம்மை எங்க?”

“தக்கலையில கல்யாணத்துக்குப் போயிருக்காவல்லா. சாயங்காலம்தான் வருவாவ.”

“உறுதியாத் தெரியுமா?”

“பட்டி பெறுறதுக்கு அம்மை வாற நேரம் எதுக்குங்கேன்?”

“ஒண்ணுமில்ல. கேளு, நான் நாகர்கோவில்ல லோடுல மாட்டிக்கிட்டேன். ஒரு ஆளை அனுப்புதேன். அவங்க பாத்துக்கிடுவாங்க.”

“யாரு ஆளு?”

“மின்னியைத் தெரிஞ்ச ஆளு. நீ வாசல்ல வச்சுக் கேள்வி கேட்டுட்டு நிக்காத. உள்ள விடு.”

போனை வைத்துவிட்டான். இரணியலில் இருக்கிற தன் வீட்டு நாயைத் தெரிந்த ஆள், தனக்குத் தெரியாமல் யார் என்று சபிதா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அந்த ஆள் ஆணாக இருக்க வாய்ப்பில்லை என்று பட்டது.

பட்டது சரிதான். ஆட்டோவில் வந்து இறங்கியவள் ஒரு பெண். பொட்டு இல்லை. கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட மெல்லிய செயின். கையில் ஒரு துணிப்பை. சபிதாவைவிட வயது கூடுதல். பார்த்ததும் ஒரு நொடி நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நொடி அதுவே நெஞ்சைக் கிள்ளியது. வயது கூடுதல் என்றால் பழக்கமும் பழையதாக இருக்குமே! கல்யாணத்துக்கு முன்னாலேயே தொடங்கியதோ என்னவோ.

அந்தப் பெண் கேட்டைத் திறக்கவில்லை. நின்று வீட்டைப் பார்த்தாள். ஓடு, ஜன்னல், மாடிப்படி, ஒவ்வொன்றாக.

“உங்க மாமியார் இருக்காங்களா?”

“இல்ல. வாங்க.” சபிதாவின் ‘வாங்க’வில் வரவேற்பு ஒரு சொட்டும் இல்லை.

“முன்வாசல் வழி வரல்ல. பின்னால போயிருதேன்.”

யாரும் வழி காட்டவில்லை. கிணற்றை ஒட்டி இடதுபக்கம் திரும்பி அவளே நடந்தாள். அந்த மூலையில் ஒரு தாழ்ந்த சன்ஷேட் உண்டு. இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிற யாரும் அதில் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் போனதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தாணு இடித்திருக்கிறான். சபிதாவே கல்யாணமான புதிதில் இரண்டு தடவை இடித்திருக்கிறாள். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையைக் குனிந்து, தாண்டிப் போனாள்.

இவள் இதற்கு முன்னால் இங்கே வந்திருக்கிறாள். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனேனே, அப்போதா? அதற்கு முன்பேயா? மாமியார் அசந்து தூங்குகிற மத்தியானத்திலா? பின்னாலேயே நடந்த சபிதாவின் கண், அந்தப் பெண்ணின் முதுகை விட்டு அகலவில்லை.

“ரோஸியே,” என்றாள் அந்தப் பெண், அழிக்கு வெளியே நின்று. “என்னட்டி, பாடுபடுதியா?”

மின்னியின் வால் தரையில் அடித்தது. எழ முடியாமல் எழுந்து, தள்ளாடி வந்து, அவள் கையை நக்கி, அவள் காலடியிலேயே விழுந்தது. அஸ்வதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்க்கவில்லை.

“இதுக்குப் பேரு மின்னி,” என்றாள் சபிதா.

“இங்க மின்னி. அங்க ரோஸி.” புடவையை இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னாள் அவள். “கொஞ்சம் சுடுதண்ணி, சோப்பு, தேங்காயெண்ணெய். நல்ல பருத்தித் துணி. பைய நட மக்களே, பட்டி மிரளும்.” கடைசியாகச் சொன்னது ஓடப்போன அஸ்வதிக்கு.

கையை முழங்கை வரை கழுவினாள். மின்னியின் வயிற்றைத் தடவிக்கொண்டே தாழ்ந்த குரலில் ஏதேதோ பேசினாள். அடுத்த முக்கலில் இரண்டு குட்டிக் கால்கள் வெளியே தெரிந்தன. பின்னங்கால்கள்.

“நினைச்சேன். போன ஈத்துலயும் ரெண்டாவது இப்படித்தான் காலைக் காட்டிட்டு வந்தது.”

“போன ஈத்தா?” சபிதாவின் குரல் உயர்ந்தது. “இது இன்னும் ஈனாத இளசுன்னுல்லா சொன்னாவ?”

“யாரு, தாஸா?” அவள் லேசாகச் சிரித்தாள். “அவனுக்குப் பொய் சொல்லவும் ஒழுங்காத் தெரியாது.”

தாஸா! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சபிதா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த நிமிஷம் அவளைக் கையைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தக் கையில்தான் மின்னியின் உயிர் இருந்தது. ஒரு மனுஷி ஒரே நேரத்தில் ஒருத்தியைச் சபிக்கவும் வேண்டும், அவள் கேட்ட சுடுதண்ணியைச் சூடு பார்த்து ஊற்றவும் வேண்டும் என்றால் என்ன செய்வாள்? சபிதா இரண்டையும் செய்தாள்.

எண்ணெய் தடவிய துணியால் குட்டியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் காத்திருந்தாள். மின்னி முக்கும்போது மட்டும் கீழ்ப்பக்கமாக மெதுவாக இழுத்தாள். அது நிறுத்தினால் இவளும் நிறுத்தினாள். குட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அசைவே இல்லை.

“போச்சா?” அஸ்வதிக்கு அழுகை வந்துவிட்டது.

“நீ நர்சுக்குத்தானே படிக்க? பிடி. மூக்கையும் வாயையும் துடை. துணி வச்சு உடம்பைத் தேய், நல்லா அழுத்தித் தேய்.”

தன் படிப்பு இவளுக்கு எப்படித் தெரியும் என்று அஸ்வதிக்குக் கேட்கத் தோன்றவில்லை. சபிதாவுக்குத் தோன்றியது. மகள் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்த ஈரப் பொட்டலம் வாயைத் திறந்து, ஒரு கொட்டாவி விட்டு, கீச்சென்றது. சபிதாவும் தன்னை மறந்து “அம்மாடி!” என்று உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு வந்தவை எல்லாம் சிரமப்படுத்தாமல் வந்தன. மின்னி குட்டிகளை மடியில் ஒதுக்கிக்கொண்டு, வெல்லம் போட்ட வெந்நீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடியது. அந்தப் பெண் தோட்டத்துக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து அழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனிப் பொறுக்க முடியாது என்று சபிதாவுக்கு ஆகிவிட்டது.

“அஸ்வதி, நீ உள்ள போ.”

“நான் போகல்ல,” என்றாள் மகள். “எனக்கும் தெரியணும்.”

சபிதா அந்தப் பெண்ணுக்கு நேரே போய் நின்றாள். “போன்ல சாப்பிட்டியான்னு கேட்டதும், எனக்க வீட்டுக்காரருக்குப் புதுக்கடையில சோறு போடுறதும் நீங்கதானா?”

“ஆமா.”

“பட்டன் தைச்சது?”

“நான்தான். அறுந்த பட்டனோட அவன் அலைஞ்சா எனக்குத் தாங்காது.”

“வெட்கமில்லாம எனக்கிட்டயே சொல்லுதிய!” சபிதாவின் குரல் உடைந்தது. “ஆளில்லாத நேரம் பாத்து இந்த வீட்டுக்குள்ளயும் வந்திருக்கிய. அந்த சன்ஷேட்டுல தலை குனிஞ்சதை நான் பாத்தேன். எவ்வளவு நாளா நடக்கு இது?”

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். முதலில் ஒன்றும் விளங்காமல். விளங்கியதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அய்யோ மக்களே! கர்த்தரே! அப்படியா நினைச்சே?” என்றாள். “நான் இங்க வந்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. அந்த சன்ஷேட்டுல நான் இடிச்ச இடிக்கு இன்னும் நெத்தியில தழும்பு இருக்கு, பாரு. தாஸை இடுப்புல தூக்கிட்டு இந்தக் கிணத்தைச் சுத்திச் சுத்தி சோறு ஊட்டினவ நான். நான் பேபி.”

அந்தப் பேரைச் சபிதா நன்றாக அறிவாள். அது செத்துப்போன ஒருத்தியின் பேர்.

முருகதாஸின் அக்கா பேபி, அல்போன்ஸ் என்கிற கிறிஸ்தவப் பையனோடு பம்பாய்க்குப் போனாள். அப்புறம் ஒருநாள் அப்பா பகவதியப்பன், மகள் அங்கே பிரசவத்தில் இறந்துபோனாள் என்று அழுதுகொண்டு வந்து நின்றார். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. இதெல்லாம் சபிதா மருமகளாக வருவதற்கு முன் நடந்தது. வந்த பிறகு அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலிக்கு முருகதாஸ் அம்மாவை அழைத்துக்கொண்டு போய், ஆற்றில் முங்கி, அப்பாவுக்கும் அக்காவுக்கும் பலி போடுவான். வீட்டில் சபிதா சோறு பொங்கி, கிணற்றடியில் இரண்டு இலை போட்டுக் காக்கையைக் கூப்பிடுவாள். பேபிக்குப் பிடிக்கும் என்று அந்த இலையில் எரிசேரி வைக்கச் சொல்லி மாமியார் ஒரு வருஷமும் மறந்ததில்லை.

“மைனி…” சபிதாவுக்கு வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்ததில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “என்னை மன்னிச்சிருங்க மைனி.”

“எனக்கென்ன? நீ கேக்காம இருந்திருந்தாதான் எனக்கு சங்கடம்.” பேபி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். “நாங்க ஊருக்குத் திரும்பி வந்த பிறகு தாஸ் எப்படியோ விசாரிச்சு வந்தான். வாடகை வீட்டுக்காரன் பட்டி ஆகாதுன்னான், அப்பதான் ரோஸியை அவன்கிட்டக் குடுத்தேன். அம்மைக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. நான் செத்துட்டேன்னு அப்பா சொன்னதை இன்னும் நம்பிட்டிருக்காளாம். அவ நெஞ்சுக்கு ஆவாது, திடீர்னு என்னைக் கண்டா தாங்கமாட்டா, சமயம் பாத்து நானே சொல்லுதேன்னான் தாஸ். நானும் அந்தச் சமயம் வரட்டும்னு இருக்கேன்.”

அம்மை எப்போது வருவாள் என்று அவன் கேட்டதற்கு இதுதான் காரணமா? சபிதா மனதுக்குள் கணவனிடம் நூறு முறை மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் தன்னிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று ஒரு முள் உள்ளே நின்றது.

“நான் புறப்படுதேன். அம்மை வாறதுக்குள்ள போயிரணும்.”

“சாப்பிடாம போனா நான் விடமாட்டேன்.”

பேபி தயங்கினாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வாவுபலிக்கு எனக்கு இலை போடுறது நீதானாமே. இத்தனை வருசம் காக்கா தின்னதை நான் ஒருக்கா தின்னு பாக்கண்டாமா? வெளம்பு.”

உள்ளே வரச் சொல்லியும் பேபி வரவில்லை. மின்னிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். சபிதா இலை போட்டு, சோறும் உள்ளித்தீயலும் அவியலும் வைத்தாள். அஸ்வதி பப்படத்தோடு வந்து, “அத்தை” என்று சொல்லிப் பார்த்தாள். பேபி இடது கையால் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

அப்போதுதான் கேட் சத்தம் கேட்டது.

“கல்யாண மண்டபத்துல ஒரே புழுக்கம். தாலி கட்டினதும் வந்துட்டேன் கேட்டியா,” என்று பேசிக்கொண்டே பட்டுச்சேலை சரசரக்கத் தாணம்மாள் பின்பக்கமாக வந்தாள். “ஏட்டி சபிதா, காப்பி இருந்தா…”

நின்றுவிட்டாள்.

சபிதா ஓடிப்போய் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “மாமி, பயப்படாதிய. முதல்ல உக்காருங்க. அஸ்வதி, தண்ணி கொண்டா! மாமி, நான் சொல்லுதேன், பைய சொல்லுதேன்…”

தாணம்மாள் தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள். மின்னியைப் பார்த்தாள். குட்டிகளைப் பார்த்தாள். இலைக்கு முன்னால் பாதிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு அடைக்கவும் இல்லை, கால் நடுங்கவும் இல்லை.

“அந்த வீட்டுப் பட்டியை இங்க கொண்டு வராதலேன்னு தாஸுகிட்ட நான் அன்னைக்கே சொன்னேன்,” என்றாள். சொன்னது சபிதாவிடம். “இன்னைக்குப் பட்டி வரும், நாளைக்கு அதுக்க பொறத்தால ஆளும் வந்து நிக்கும்னேன். கேட்டானா அவன்?”

மாமியாருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியும் என்பது முருகதாஸுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஞாயிறுதோறும் அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, அம்மைக்கு ஒன்றும் தெரியாது என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பட்டன் தைத்த பெண்ணைச் சந்தேகப்பட்டதற்காகச் சற்று முன்புதான் சபிதா வெட்கப்பட்டாள். இப்போது அவளுக்குக் கணவனை நினைத்தாலே பயமாக இருந்தது. அம்மாவும் மகனுமாகச் சேர்ந்து, உயிரோடு இருக்கிறவளைச் செத்தவளாகவே வைத்திருக்க என்ன காரணம்?

பேபி எழுந்து நின்றாள். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

“எனக்கு பலி போட்டியே அம்மை, வருசா வருசம்,” என்றாள். அவள் குரல் சின்னப் பிள்ளையுடையதாகிவிட்டது. “நான் இருக்கேன்னு தெரிஞ்சுதான் போட்டியா?”

தாணம்மாள் சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மகளுடைய இலையைத் தாண்டி அடுக்களைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

பேபியோடு சேர்ந்து சபிதாவும் அஸ்வதியும் வெளியே நின்றார்கள்.